மேஜை டிராயரில் கிடந்த தோட்டா... எம்.ஆர்.ராதாவை ஏன் துப்பாக்கியோடு மட்டும் ஞாபகம் வெச்சிருக்கோம்?

கோவை ஆர்.எஸ்.புரத்துல 65 வயசைத் தாண்டின யார்கிட்ட வேணும்னாலும் எம்.ஆர்.ராதா பேரைச் சொல்லிப் பாருங்க. முதல் ரெண்டு நிமிஷம் அந்தக் குரல், அந்தக் கிண்டல், `ரத்தக் கண்ணீர்'னு பேச்சு நல்லாத்தான் போகும். மூணாவது நிமிஷம் துப்பாக்கி வந்துடும். யாரு முதல்ல சுட்டது? அவ்வளவு பக்கத்துல இருந்து சுட்டும் எப்படி ரெண்டு பேரும் பிழைச்சாங்க? குண்டு நிஜக் குண்டுதானா? டி.பி.ரோட்டுல ஒரு டீ ஆறுறதுக்குள்ள மூணு பேர் மூணு விதமா வழக்கை முடிச்சு வெச்சுடுவாங்க. நீதிமன்றம் 1967-லேயே தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா பேச்சு மட்டும் இன்னும் ஜாமீன்ல வெளியேதான் சுத்திக்கிட்டிருக்கு.

உங்க போன்ல தினமும் வந்து விழுற மீம்ஸ்ல, ஒரு பக்கம் வாயைக் கோணிக்கிட்டு, கரகரன்னு ஒரு குரல், சட்டுனு கீச்சுக்குரலா மாறி யாரையோ கலாய்க்குமே, அவர்தான் எம்.ஆர்.ராதா. ராதாரவி, ராதிகா, நிரோஷாவோட அப்பா. இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கும் அவர் வாழ்க்கை ஒரே ஒரு சாயங்காலத்துக்குள்ள சுருங்கிக் கிடக்கு. அந்தச் சாயங்காலத்தைப் பத்திப் பேசாம இருக்க முடியாதுதான். ஆனா அதுக்கு முன்னாடி 60 வருஷம் இருக்கு.

மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். அதோட சுருக்கம்தான் எம்.ஆர்.ராதா. 1907-ல சென்னை சிந்தாதிரிப்பேட்டையில பிறந்தார். அப்பா பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போருக்குப் போனவர் திரும்பி வரலை. சாப்பாட்டுல இன்னொரு மீன் துண்டு கேட்டு அம்மா கொடுக்காததால கோபிச்சுக்கிட்டு வீட்டை விட்டு ஓடினார்னு ஒரு கதை ரொம்ப காலமா சொல்லப்படுது. ஓடின பையன் போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனின்னா ஸ்கூல், ஹாஸ்டல், வேலை எல்லாம் ஒண்ணா இருக்குற இடம். அடி, உதை, பாட்டு, பசி எல்லாமே அங்கேதான். நடிப்போட கூடவே எலெக்ட்ரிக் வேலை, மெக்கானிக் வேலைன்னு கையில கிடைச்சதை எல்லாம் கத்துக்கிட்டார்.

சினிமா அவருக்கு முதல்ல ஒத்து வரலை. 1930-களின் கடைசியில சில படங்கள் வந்துச்சு. அதுல `சந்தனத் தேவன்' நம்ம கொங்குப் பக்கத்துலயே, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல எடுத்தது. பெரிசா எதுவும் நடக்கலை, திரும்ப மேடைக்கே போயிட்டார். அங்கே அவர் நடிச்சுப் பேர் வாங்கின `இழந்த காதல்' நாடகத்தை என்.எஸ்.கிருஷ்ணன் 1941-ல படமா எடுத்தப்போ ராதாவுக்கு அதுல இடம் இல்லை. ஆத்திரத்துல என்.எஸ்.கே-யைச் சுடறதுக்கே துப்பாக்கி வாங்கினார், விஷயம் தெரிஞ்ச என்.எஸ்.கே நேரா வந்து நின்னதும் ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்கன்னு சினிமாக்காரங்க சொல்ற கதை ஒண்ணு உண்டு. 1967-க்குப் பிறகு இந்தக் கதை எத்தனை தடவை தூசு தட்டப்பட்டிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ராதாவைப் பெரிய ஆளாக்கினது ஈரோடு. ஊரைச் சொல்லலை, ஈரோட்டுக்காரரைச் சொல்றேன். பெரியாரோட கருத்துகளை மேடையில ஏத்தி, நாடகத்துக்கு நடுவுலயே அன்னைக்குப் பேப்பர்ல வந்த செய்தியை இழுத்துக் கிண்டல் பண்ணுவார். இன்னைக்கு ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் பண்றதை அன்னைக்கே பண்ணினவர். கூட்டத்துல ஒரு பகுதி கை தட்டும், இன்னொரு பகுதி கல்லெறியும். ராமாயணத்தைக் கிண்டல் பண்ணின நாடகத்துக்குத் தடை வந்துச்சு. 1954-ல மெட்ராஸ் அரசு ஒரு நாடகச் சட்டமே கொண்டு வந்தது. அது ராதாவைக் குறி வெச்சு வந்ததுன்னுதான் அவரோட நாடகங்களைப் பார்த்த தலைமுறை இன்னும் பேசுது. ஒரு நடிகருக்காக ஒரு சட்டம்னு சொன்னா, அது எந்த அவார்டுக்கும் குறைச்சல் இல்லைன்னு நினைக்கிறேன்.

திருவாரூர் கே.தங்கராசு எழுதின `ரத்தக் கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊரா ஆயிரக்கணக்கான தடவை போட்டார். அதே கதை கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்துல 1954 தீபாவளி சமயத்துல படமா வந்தது. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து, பணத்திமிர்ல ஆடி, தொழுநோய் வந்து, தெருவுல விழுற மோகனசுந்தரம். தான் ஏமாத்தின மனைவிக்குத் தன் நண்பனையே கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்ற கிளைமாக்ஸ். 1954-ல! இன்னைக்கு ஓ.டி.டி-யில இதை எடுத்தாலும் கமென்ட்ல சண்டை நடக்கும்.

அதே 1954-ல நம்ம கோயம்புத்தூர்ல இன்னொருத்தருக்கும் வாழ்க்கை மாறுச்சு. புலியகுளம் பக்கம் இருந்த பட்சிராஜா ஸ்டுடியோவுல ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த `மலைக்கள்ளன்' அந்த வருஷம்தான் வந்தது. ஹீரோ எம்.ஜி.ஆர். அதுக்கு முன்னாடி 1947-ல அவர் முதல் தடவை கதாநாயகனா நடிச்ச `ராஜகுமாரி'யும் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவுல உருவானதுதான். அதனாலதான் இங்கே இருக்குற பெரியவங்க எம்.ஜி.ஆரைப் பத்திப் பேசும்போது ஏதோ பக்கத்து வீதியில குடியிருந்தவர் மாதிரி பேசுறாங்க. அந்த உரிமையோடதான் துப்பாக்கி வழக்கையும் பேசுறாங்க.

ராதாவுக்கு எம்.ஜி.ஆரைவிடப் பத்து வயசு அதிகம். `தாய் சொல்லைத் தட்டாதே', `பெரிய இடத்துப் பெண்', `தொழிலாளி'ன்னு நிறைய படங்கள்ல ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சாங்க. ஹீரோ நல்லவர், ராதா கெட்டவர், கடைசியில அடி வாங்குவார். ஷூட்டிங் முடிஞ்சா அண்ணன்-தம்பி மாதிரிப் பழக்கம். ஆனா அரசியல் வேற வேற. எம்.ஜி.ஆர் தி.மு.க. பெரியார் அப்போ காமராஜரை ஆதரிச்சார், ராதாவும் அந்தப் பக்கம். 1967 பிப்ரவரியில சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க கொதிச்சுக்கிட்டிருந்த நேரம்.

ஜனவரி 12, வியாழக்கிழமை. பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கு. எம்.ஜி.ஆரோட `தாய்க்குத் தலைமகன்' மறுநாள் ரிலீஸ். சாயங்காலம் 5 மணி வாக்குல ராமாவரம் தோட்டத்துக்கு ராதா வர்றார். கூட `பெற்றால்தான் பிள்ளையா' தயாரிப்பாளர் வாசு. அந்தப் படத்துக்காக ராதா பணம் கொடுத்திருந்தார், அதுல ஏதோ மனக்கசப்புன்னும் அப்போ பேசப்பட்டது. பேச்சு நடந்துக்கிட்டிருக்கும்போதே வெடிச் சத்தம். எம்.ஜி.ஆருக்கு இடது காது பக்கம் குண்டு பாய்ஞ்சு கழுத்துக்குள்ள போச்சு. ராதாவுக்குத் தலையிலயும் கழுத்துலயும் காயம். ரெண்டு பேரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அங்கேயிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. கொஞ்ச நேரத்துல ஆயிரக்கணக்கான ஜனங்க ஆஸ்பத்திரி வாசல்ல.

அந்த அறையில நடந்ததைச் சொல்லக்கூடியவங்க மூணே பேர். அதுல ரெண்டு பேர் சுடப்பட்டவங்க. ரெண்டு பேரும் எதிரெதிரா சொன்னாங்க. ராதாதான் தன்னைச் சுட்டுட்டு, பிறகு தன்னையே சுட்டுக்கிட்டார்னு எம்.ஜி.ஆர் தரப்பு. எம்.ஜி.ஆர்தான் முதல்ல சுட்டார்னு ராதா தரப்பு. ரெண்டு பேருக்குமே சொந்தமா துப்பாக்கி இருந்தது வேற. இதுக்கு மேல ஊருக்கு என்ன வேணும்?

செல்போன் கிடையாது, டி.வி கிடையாது. ரேடியோவும் பேப்பரும்தான். ஆனா வதந்தி போற வேகத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை. தேர்தலுக்காக நடத்தின நாடகம்னு ஒரு கூட்டம். சினிமாவுல சுடுற டம்மித் துப்பாக்கின்னு ஒரு கூட்டம். நிஜக் குண்டா இருந்தா காதோரத்துல சுட்டவன் எப்படி உயிரோட இருப்பான், அதுவும் ஒருத்தர் இல்லை, ரெண்டு பேருமே எப்படின்னு இன்னொரு கூட்டம். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் சும்மா தள்ளிட முடியாது. கோர்ட்டுக்குள்ளயும் அதே கேள்விதான் எழுந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமா போகலாம், ஏன்னா இந்த இடத்தைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிச்சு ஓடிடுறாங்க.

நாம சாதாரணமா குண்டு, தோட்டா ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றோம். ரெண்டும் வேற. தோட்டான்னா முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதுக்குள்ள வெடிமருந்து, அடியில சின்னதா ஒரு பத்த வைக்கிற பகுதி, வாய்ல இறுக்கமா செருகின குண்டு. சுத்தி போல ஒண்ணு அடியில தட்டினதும் மருந்து எரிஞ்சு வாயு உண்டாகும். அந்த வாயுவோட அழுத்தம்தான் குண்டைத் தள்ளுது. குண்டு கூட்டோட வாயை இறுக்கிப் பிடிச்சிருந்தாத்தான் அழுத்தம் முழுசா ஏறும். பிரஷர் குக்கர் மூடி சரியா உட்காரலைன்னா ஆவி வீணாப் போகுமே, அதே கதைதான். பிடிப்பு தளர்ந்திருந்தா வாயு பக்கவாட்டுல கசியும். சத்தம் வரும், குண்டு வெளியே வரும், ஆனா வேகம் இருக்காது.

ராதா அந்தத் தோட்டாக்களை வாங்கினது 1950 வாக்குல. சுடப்பட்டது 1967-ல. நடுவுல பதினஞ்சு வருஷத்துக்கும் மேல அதுங்க டப்பா எதுவும் இல்லாம மேஜை டிராயர்ல சும்மா கிடந்திருக்கு. டிராயரைத் திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு, ஒண்ணோடொண்ணு இடிச்சு, உரசி, குண்டோட பிடிப்பு தளர்ந்து போச்சுன்னு தடய அறிவியல் நிபுணர்கள் விளக்கினாங்க. அதனாலதான் அவ்வளவு கிட்ட இருந்து சுட்டும் மண்டையோட்டையும் எலும்பையும் துளைச்சுக்கிட்டு வெளியே போற வேகம் அந்தக் குண்டுகளுக்கு இல்லை. இந்த வழக்கோட சேர்த்துப் பேசப்படுற பேர் பி.சந்திரசேகரன். பிற்பாடு தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கே தலைவரானார். 1991-ல ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டப்போ, இடுப்புல கட்டின பெல்ட்டுல இருந்துதான் வெடிகுண்டு வெடிச்சதுன்னு கண்டுபிடிச்சவரும் அவர்தான்.

சரி, எந்தத் துப்பாக்கியில இருந்து வந்த குண்டுன்னு எப்படிச் சொல்றாங்க? துப்பாக்கிக் குழாய்க்குள்ள சுருள் சுருளா வரி வெட்டியிருப்பாங்க. குண்டு அதுல சுழன்றுக்கிட்டே வெளியே வரும்போது அந்த வரியோட தடம் அதுமேல பதியும். ஒரே மாடல் துப்பாக்கியா இருந்தாலும், செய்யும்போதும் பயன்படுத்தும்போதும் விழுந்த நுண்ணிய கீறல்கள் ஒவ்வொண்ணுலயும் வேற மாதிரி இருக்கும். சந்தேகப்படுற துப்பாக்கியில ஆய்வகத்துல இன்னொரு தடவை சுட்டு, அந்தக் குண்டையும் உடம்புல இருந்து எடுத்த குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. அப்புறம், ரிவால்வர்ல சுட்டா காலிக் கூடு தெறிச்சு ஓடாது, நாம எடுக்குற வரைக்கும் உருளைக்குள்ளயே இருக்கும். அதனால எத்தனை தடவை சுட்டிருக்குன்னு எண்ணிடலாம். ரொம்பக் கிட்ட இருந்து சுட்டா தோல்மேல கரியும் மருந்துத் துகளும் படியும். எவ்வளவு தூரத்துல இருந்து சுட்டதுன்னு அது சொல்லிடும். ஆனா ஒண்ணு, யாரோட கை சுட்டதுங்கிறதை குண்டு மட்டும் தனியா சொல்லாது. அதுக்கு சாட்சி வேணும், காயத்தோட கோணம் வேணும், முன்னால பின்னால நடந்தது வேணும். வதந்தி எப்பவும் புகுந்துக்குற சந்து அதுதான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1963 நவம்பர்ல டல்லாஸ்ல அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். ஒரே குண்டு கென்னடியையும் முன் சீட்டுல இருந்த கவர்னர் கானலியையும் துளைச்சதுன்னு வாரன் கமிஷன் 1964-ல சொன்னதை நம்பாதவங்க அங்கே இன்னைக்கும் கோடிக்கணக்குல இருக்காங்க. பெரிய மனுஷனோட உயிர் ஒரு சின்ன ஈயத் துண்டுல தொங்கினதை மனசு ஏத்துக்க மறுக்குது. பெருசா ஒரு சதி இருந்தாத்தான் கணக்கு சரியா வருது. அங்கே ஒரே ஒரு குண்டு, இங்கே ஒரு மேஜை டிராயர்.

1967 நவம்பர்ல செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதா சுட்டதா முடிவு பண்ணி ஏழு ஆண்டு கடுங்காவல் விதிச்சது. அதுக்குள்ள வெளியே உலகமே மாறிப்போச்சு. கழுத்துல கட்டுப் போட்ட எம்.ஜி.ஆர் படம் போஸ்டரா ஊர் முழுக்க ஒட்டப்பட்டு, பிரசாரத்துக்கே போகாம ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார். 137 இடங்களோட தி.மு.க ஆட்சிக்கு வந்தது. அண்ணா முதலமைச்சர். ராதா ஆதரிச்ச காங்கிரஸ் தமிழ்நாட்டுல அதுக்குப் பிறகு ஆட்சிக்கே திரும்பலை. அந்தக் குண்டு இல்லைன்னாலும் தி.மு.க ஜெயிச்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் ஏற்கெனவே வேலையை முடிச்சிருந்தது. ஆனா எம்.ஜி.ஆர்ங்கிற தனி மனுஷன் மேல ஜனங்களுக்கு இருந்த பாசம் வேற ஒண்ணா மாறினது அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான். 1972-ல அவர் தனிக் கட்சி ஆரம்பிச்சார். 1974 இடைத்தேர்தல்ல நம்ம கோவை மேற்கு தொகுதியையே அந்தக் கட்சி எடுத்துச்சு.

எம்.ஜி.ஆரோட குரல் மட்டும் திரும்பி வரலை. ஒரு காதுல கேட்கும் சக்தியும் குறைஞ்சது. வேற யாரையாவது டப்பிங் பேச வெச்சிருக்கலாம், அவர் ஒத்துக்கலை. சுடப்படறதுக்கு முன்னாடி பாதியும் பின்னாடி பாதியும் எடுத்த `காவல்காரன்' 1967 செப்டம்பர்ல வந்தது. அதுல ரெண்டு குரலையும் கேட்கலாம். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க, ஒரு சீன்ல தெளிவான குரல், அடுத்த சீன்ல நாக்கு தடுமாறுற குரல். ஜனங்க அந்தக் குரலையும் ஏத்துக்கிட்டாங்க.

ராதா கதை வேற மாதிரி. சிறையில இருந்து 1971-ல வெளியே வந்தப்போ அவருக்கு 64 வயசு. அவரோட நக்கலுக்கு வசனம் எழுதிக் காத்திருந்த தமிழ் சினிமா அந்த நாலு வருஷத்துல வேற வில்லன்களைப் பழகிக்கிச்சு. `சமையல்காரன்' மாதிரி சில படங்கள்ல நடிச்சார், மேடையும் ஏறினார். ஆனா 1961, 62-ல `பாவ மன்னிப்பு', `பாலும் பழமும்', `பலே பாண்டியா'ன்னு சிவாஜிக்குச் சமமா நின்னு கைத்தட்டல் வாங்கின ராதா திரும்ப வரலை. எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் முகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி கையைப் பார்த்திருக்கும்.

எனக்கு இந்த வழக்குல உறுத்துறது இதுதான். அவர் செஞ்சது குற்றம், கோர்ட் சொல்லிடுச்சு, தண்டனையும் அனுபவிச்சார். அதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனா ஊர் பேசினது அவர் குற்றத்தைப் பத்திகூட இல்லை, துப்பாக்கியைப் பத்தி. டம்மியா, நிஜமா, யாரோட ரிவால்வர், எத்தனை குண்டு. இந்தக் கணக்குல, 47 வயசுல ஒரு தொழுநோயாளியா நடிச்சு, விதவை மறுமணம்னு சொல்லவே பயந்த காலத்துல, புருஷன் உயிரோட இருக்கும்போதே பொண்டாட்டிக்கு மறுமணம் பேசின கலைஞன் காணாமப் போயிட்டார். சென்னை பெரியார் திடல்ல ஒரு அரங்கத்துக்கு நடிகவேள் ராதா மன்றம்னு பேர். அந்தப் பக்கம் போறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேரைப் பார்த்ததும் நாடகம் ஞாபகம் வரும், எத்தனை பேருக்கு ராமாவரம் தோட்டம் ஞாபகம் வரும்?

இம்பாலா கார் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. அன்னைக்குப் பெரிய பெரிய ஆளுங்களே ஆசைப்பட்ட அந்த வெளிநாட்டுக் காரை வாங்கி, அதுமேல வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போனார்னு சொல்வாங்க. கார்னா சாமான் ஏத்தத்தானேங்கிற நக்கல். கதை எவ்வளவு நிஜமோ, ஆனா கேட்டதும் எல்லாரும் நம்பிடுறாங்க, ஏன்னா அது ராதா செய்யக்கூடிய வேலைதான். டிராயர்ல உருண்டுக்கிட்டிருந்த தோட்டாவை மட்டும் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. அதுவும் ராதா செய்யக்கூடிய வேலைதானே? காரையே மதிக்காத மனுஷன் தோட்டாவை வெல்வெட் பெட்டியிலயா வெச்சிருப்பார்?

1977-ல எம்.ஜி.ஆர் முதலமைச்சர் ஆனார். ராதா அப்போ திருச்சியில இருந்தார். 1979-ல மஞ்சள் காமாலை. செப்டம்பர் 17-ம் தேதி திருச்சியிலயே இறந்துபோனார். அன்னைக்கு ஊர் ஊரா பெரியாரோட நூறாவது ஆண்டு பிறந்தநாள்.